பதினான்காம் எண் வில்லை

முதலில், அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். விசாரணை அறிக்கையில் ஆறு பேர் என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு, ஏழு பேர். முதலாளி, மனநல ஆலோசனைக்காக வெளியிலிருந்து வந்திருந்த டாக்டர் அம்மா, உற்பத்தி மேலாளரான என் மகன், கூழ்ப் பிரிவு சூப்பர்வைசர், தொட்டி சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி மீசை, தேநீர் கொண்டுவந்த அவன் மனைவி, பிறகு நான். அறிக்கையில் விட்டுப்போனவள் தேநீர்க்காரி. தட்டோடு நிற்பவர்களை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. எனக்கு அப்படிப் பழக்கமில்லை.

மீசைக்கு மீசை கிடையாது. காகிதக் கூழ் தெறித்துக் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மழித்துவிட்டான். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆய்வாளர் அவர்களே, உங்கள் கோப்பில் என்னைப் பற்றி ‘ஓய்வுபெற்றவர், தந்தை’ என்று மட்டுமே இருப்பதாக அறிந்தேன். அந்தக் காகிதத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன், தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். எனக்கு முன்பு என் தந்தை அங்கே ஃபோர்மேன். எனக்குப் பிறகு என் மகன். மூன்று பேரும் சேர்த்து ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. என் மனைவி இறந்த அன்று காலையில் காரியங்களை முடித்துவிட்டு மதிய ஷிப்டுக்குப் போனேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் பாதுகாப்புக் குழுவில் என்னை வைத்துக்கொண்டார்கள். வில்லை முறையைக் கொண்டுவந்தவன் நான் என்பதால்.

வில்லை முறை எளிது. பழைய காகிதத்தை அரைத்துக் கூழாக்கும் தொட்டி ஒன்று ஒரு சிறிய அறை அளவுக்கு இருக்கும். அடியில் வெட்டும் தகடுகள் சுழலும். காகிதக் கட்டுகளோடு வரும் கம்பியும் பிளாஸ்டிக் கயிறும் அந்தத் தகடுகளில் சுற்றிக்கொள்ளும். அப்போது எந்திரத்தை நிறுத்தி, நீரை வடித்து, ஒரு ஆள் ஏணி வழியாக உள்ளே இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். அப்படி இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. இறங்கும் முன் அதை ஸ்விட்சுக்கு மேலே இருக்கும் கொக்கியில் அவனே மாட்ட வேண்டும், ஏறி வந்த பிறகு அவனே கழற்ற வேண்டும். வேறொருவன் கை அதில் படக் கூடாது. கொக்கி காலியாக இருந்தால்தான் ஸ்விட்சைப் போடலாம். அதுவரை இருபத்தாறு வருடமாக இந்த விதியால் ஒரு விரல்கூடப் போனதில்லை.

அன்றைய கூட்டம் மன அழுத்தத்தைப் பற்றியது. உற்பத்தி இலக்கை உயர்த்திய பிறகு நிறையப் பேர் வேலையை விட்டு நின்றுபோனார்கள். காரணம் கண்டுபிடிக்க டாக்டர் அம்மாவை அழைத்திருந்தார் முதலாளி. அந்த அம்மா எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கியிருந்தார். பெயர் எழுத வேண்டியதில்லை. ஆனால் அதிகாரிகளுக்கு வெள்ளைத் தாள், மாதச் சம்பளக்காரர்களுக்கு மஞ்சள் தாள், ஒப்பந்த ஆட்களுக்கு நீலத் தாள். யார் என்று தெரியாது, எந்தப் படியில் நிற்கிறவர் என்று தெரியும்.

நீலத் தாள்களில் ஒன்றை முதலில் வாசித்தார். ‘வீட்டுக்குப் போனாலும் மெஷின் சத்தம் காதுல ஓடுது. பொண்ணு பேசறது கேக்க மாட்டேங்குது’ என்று இருந்தது. பிறகு ஒரு மஞ்சள் தாள். ‘மேலேயிருந்து வருகிற திட்டைக் கீழே இறக்கவும் மனம் வரவில்லை, மேலே திருப்பவும் வழியில்லை. என் வயிற்றிலேயே தங்கிப் புண்ணாகிவிட்டது.’ சூப்பர்வைசர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வெள்ளைத் தாள்ல என்னம்மா இருக்கப் போவுது? ஏசி கூடிப்போச்சுன்னு எழுதியிருப்பாங்க” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தோம்.

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நிதானமாக வாசித்தார். ‘ஐந்து மாதமாகத் தூக்கம் இல்லை. கை நடுங்குகிறது. கொக்கியைப் பார்த்துவிட்டு வந்தேனா என்று நினைவில்லை. திரும்பப் போய்ப் பார்க்கிறேன். தொட்டும் பார்க்கிறேன். வந்த பிறகு மறுபடி நினைவில்லை.’

“இதை எழுதினவர் யாருன்னு நான் கேக்கல. ஆனா அவர் நாளைக்கே லீவுல போகணும். ஒரு மாசமாவது. என் ரூம் கதவைத் தட்டினாப் போதும்.”

“லீவு போட்டா அவருக்குச் சம்பளம் உண்டுங்களா மேடம்?” என்று கேட்டான் மீசை. “உண்டுன்னா அந்த வியாதி எனக்கும் வேணும். வெள்ளைத் தாள் ஒண்ணு குடுங்க.”

“உனக்கு இருக்கற வியாதியே போதும், முதல்ல டீயை எடு. கை வலிக்குது” என்றாள் அவன் மனைவி, தட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டி. மறுபடி சிரிப்பு. என் மகனும் சிரித்தான். அவன் கோப்பையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நடுக்கம் தெரிந்திருக்கும்.

டாக்டர் அம்மா அந்தத் தாளை என் பக்கத்தில்தான் வைத்தார். எழுத்துகளின் அடிப்பாகம் கத்தியால் வெட்டியதுபோல ஒரே நேர்கோட்டில் இருந்தது. வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துக்கொண்டு எழுதினால்தான் அப்படி வரும். அப்படி எழுதுகிற ஒரே ஒருவனை எனக்குத் தெரியும். ஆறு வயதில் அவனுக்கு அப்படிப் பழக்கியவன் நானே. கூட்டம் முடிந்து எழும்போது அந்தத் தாளை என் கோப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதை அவன் முன்னால் போட்டேன்.

“நான் எழுதினதுதான்பா” என்றான். “ஒரு மாசம் மட்டும்பா. அப்புறம் சரியாயிடுவேன்.”

“உங்க தாத்தா ரெண்டு விரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனவரு. உனக்கு என்ன உடஞ்சு போச்சு?”

“மாமா, அவர் தூங்கறதே இல்ல மாமா” என்றாள் மருமகள். “கேஸை மூடியாச்சான்னு ஏழெட்டுத் தடவை எழுந்து போய்ப் பாக்கறார். கதவை ஆட்டி ஆட்டிப் பாக்கறார். மாத்திரை போட்டாத்தான் கொஞ்சம் கண்ணு அசருது.”

மாத்திரை போடுகிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலணிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். நம் வீட்டில் யாரும் மாத்திரை போட்டுத் தூங்கியதில்லை என்று சொல்லி, அந்தக் குப்பியை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தாளை அடுப்பில் காட்டினேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அப்படி வளர்க்கப்பட்டவன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அம்மா எனக்குத் தொலைபேசியில் பேசினார். கேள்வித்தாள்களில் ஒரு வெள்ளைத் தாள் குறைகிறது, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன், எழுதியவரையும் எனக்குத் தெரியும், பேசிச் சரிசெய்துவிட்டேன் என்றேன். “ரொம்ப நன்றிங்க ஐயா. பெரியவங்க சொன்னாக் கேப்பாங்க” என்றார். அதில் அவர் சொன்னது சரி.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை முற்பகல். இரண்டாம் தொட்டியில் பிளாஸ்டிக் கயிறு சுற்றிக்கொண்டது. எந்திரத்தை நிறுத்தினார்கள். மீசை பதினான்காம் எண் வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினான். அன்றைய இலக்கில் பாதிகூட வந்திருக்கவில்லை. முதலாளி இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்த அரை மணி நேரத்தில் என் மகன் மூன்று முறை கொக்கிக்கு வந்து போனதாகச் சூப்பர்வைசர் சொன்னார். நான்காவது முறை வந்தபோது கொக்கி காலி.

“காலிதானே?” என்று கேட்டிருக்கிறான்.

“காலிதான் சார்.”

“போடு.”

சூப்பர்வைசர் போட்டார். சத்தம் வேறு மாதிரி இருந்தது என்று விசாரணையில் சொன்னார். அதைப் பற்றி அவ்வளவு போதும்.

அன்று பிற்பகல் மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி அப்படியே தரையில் போட்டிருந்தான். துணியைத் தரையில் போடுவது எனக்குப் பிடிக்காது. எடுத்து ஆணியில் மாட்டப் போனேன். பையிலிருந்து வில்லை விழுந்து உருண்டு அவன் காலடியில் போய் நின்றது. பதினான்கு.

நெடுநேரம் அதையே பார்த்தான்.

“இது எப்படிப்பா என் பையில?” என்றான். பிறகு அவனே சொன்னான், “தொட்டுப் பாத்தேன். இருக்கான்னு தொட்டுப் பாத்தேன்பா. கழட்டிட்டேன் போல.”

நான் அந்த விதியை எழுதியபோது வில்லையைத் திருடுகிறவனை நினைத்தேன், மறக்கிறவனை நினைத்தேன், குடித்துவிட்டு வருகிறவனைக்கூட நினைத்தேன். அளவுக்கு மீறிச் சரிபார்க்கிறவனை நினைக்கவில்லை.

வில்லையைத் துடைத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை விசாரணைக்கு வந்தவர்களோடு பாதுகாப்புக் குழு உறுப்பினராக நானும் போனேன். துப்புரவு ஆட்கள் உடை மாற்றும் அறையில் மீசையின் மாற்றுச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பையில் வில்லையைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துச் சூப்பர்வைசர் கண்டெடுத்தார். நானே கண்டெடுக்காமல் பார்த்துக்கொண்டேன். வில்லையை மாட்டாமல் இறங்கினான், விதியை மீறியவன் அவன்தான் என்று முடிவாயிற்று. விதியை மீறி இறந்தவன் குடும்பத்துக்குத் தொழிற்சாலை எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பிரிவையும் எழுதியவன் நானே.

மீசையின் மனைவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அவரு வில்லைய மாட்டாம இறங்கற ஆளு இல்லீங்க ஐயா” என்றாள். “வீட்டுல குளிக்கப் போனாக்கூட வெளித் தாழ்ப்பாள்ல துண்டைத் தொங்கவிட்டுட்டுத்தான் போவாரு. உள்ள ஆள் இருக்குன்னு தெரியணுமாம். நாங்க மூணே பேருதான், யாருக்குத் தெரியணும்னு கேலி பண்ணுவேன். அப்பேர்ப்பட்டவரு மறப்பாருங்களா?”

“மனுஷன்னா ஒரு நாள் மறப்பான்மா” என்றேன்.

“எனக்கு வேற எதுவும் வேணாங்கய்யா. அவரு மாட்டினாருன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. கவனமில்லாம செத்தான்னு எம் பொண்ணுகிட்ட எல்லாரும் சொல்றாங்க.”

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் என் மகன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதன் பிறகு ஒன்பது நாள் வேலைக்குப் போய் வந்தான். பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மருமகள் பேத்தியோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை ஆபீசுக்குப் போறேன்பா. எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

“எல்லாம்னா?”

“வில்லை என் பையில இருந்ததை. நான் எடுத்ததை. அது அவன் சட்டைக்குள்ள எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன். உங்க பேரு வராதுப்பா.”

“என் பேரும் உன் பேரும் வேற வேறயா?” என்று கேட்டேன். “உன் பொண்ணு பேரு? நாளைக்கு அவளை என்னன்னு கூப்பிடுவாங்க, தெரியுமா?”

அவன் வேறு எதையோ சொன்னான். “அந்தம்மா இன்னும் டீ கொண்டு வந்து வைக்குதுப்பா. என் மேஜையில. தினமும் பதினொரு மணிக்கு. சர்க்கரை சரியா இருக்கா சார்னு கேக்குது.” இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். “சொல்லிட்டேன்னா தூங்கிடுவேன்பா. அது மட்டும் எனக்குத் தெரியுது.”

அவனுக்குத் தேவை தூக்கம் என்பதில் எல்லோரும் ஒரே கருத்தாக இருந்தார்கள். டாக்டர் அம்மா சொன்னார், மருமகள் சொன்னாள், இப்போது அவனும் சொன்னான். போய்ப் படு, பால் கொண்டு வருகிறேன் என்றேன். எனக்குப் பால் காய்ச்சத் தெரியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டான். நடுக்கத்தில் சிந்தாமல் இருக்க நான் டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

“கசக்குதேப்பா” என்றான்.

“குடி” என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான். கொடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். போர்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் கை நடுக்கம் நின்றது. மாலை நான்கரை மணி வரை அங்கேயே இருந்தேன். அதற்குப் பிறகு இருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மாரடைப்பு என்று எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். உழைத்து உழைத்து இதயம் நின்றுபோனவன் என்பது ஒரு ஆணுக்குக் கௌரவமான முடிவு. அவன் வயதில் இரண்டு அதிகாரிகள் அப்படிப் போயிருக்கிறார்கள், இருவர் படமும் அலுவலகச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. ஆனால் மருமகள் சமையலறைக் குப்பைக் கூடையில் காலிக் குப்பியைப் பார்த்து உங்கள் ஆட்களிடம் கொடுத்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கூடையில் போட்டது என் கவனக்குறைவு. உங்கள் ஆட்கள் குப்பியைப் பார்த்தார்கள், டாக்டர் சீட்டைப் பார்த்தார்கள், அவர்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டு போனார்கள். என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்கள். சோர்வாக இருந்தாரா? இருந்தான். ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா? இல்லை. இரண்டுக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். பேசாமலே இருந்திருப்பேன். சென்ற செவ்வாய்க்கிழமை அதே அறையில் மறுபடி ஒரு கூட்டம். அதே டாக்டர் அம்மா. புதிய உற்பத்தி மேலாளர், புதிய துப்புரவு ஆள், அதே சூப்பர்வைசர், அதே தேநீர்க்காரி. அந்த அம்மா மூன்று நிறத் தாள்களைக் காட்டி, வேலை அழுத்தம் எல்லாப் படியிலும் இருக்கிறது, கீழே இருப்பவருக்கு உடம்பில் தெரிகிறது, நடுவில் இருப்பவருக்கு வயிற்றில் தெரிகிறது, மேலே இருப்பவர் வெளியே காட்டிக்கொள்ளாமலே ஒரு நாள் உயிரை விட்டுவிடுகிறார் என்றார். “இந்த ஆபீஸ்லயே நடந்திருக்கு. பெரியவர் மன்னிக்கணும்” என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தேநீர்க்காரி என் முன்னால் கோப்பையை வைத்துவிட்டு, “வருத்தப்படாதீங்க ஐயா, அவரு நல்ல மனுஷரு” என்றாள். என் மகனுக்கு அவள் இரக்கப்பட்டாள். அந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மருமகளின் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வம்சத்திலேயே அது இருக்கும், பெண்ணைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள் என்று என் பேத்தியின் காதுபடச் சொல்லியிருக்கிறான். பேத்திக்குப் பதினைந்து வயது. நேற்று என்னிடம் வந்து, “தாத்தா, எனக்கும் அப்படி வருமா?” என்று கேட்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வில்லை விஷயத்தையும் வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள். மீசை மாட்டிவிட்டுத்தான் இறங்கினான். அவன் மனைவி கேட்ட ஒரு வார்த்தை அதுதான், நகல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

என் மகன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான் என்று பேசுகிறார்கள். அது பொய். குப்பி என் பீரோவில் இருந்தது. பீரோவுக்கு ஒரே சாவி, அது என் இடுப்பில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். மாத்திரையைப் பாலில் கரைத்தவன் நான், கொடுத்தவன் நான். அவன் கொடுத்ததைக் குடித்தான், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் தற்கொலை செய்துகொண்டவர் ஒருவரும் கிடையாது.